அண்ணன் போட்ட மனுவும் மகள் கூட்டுற மார்க்கும்

எங்க ஊர்ப் பக்கம் வெளிநாடு போறதுக்கு எந்தக் காலத்திலும் ரெண்டு வழிதான். அங்கே ஏற்கெனவே நம்ம ஆள் ஒருத்தர் இருக்கணும், இல்லேன்னா கையில ஒரு தொழில் இருக்கணும். என் கொள்ளுத்தாத்தா மலாயாவுக்கு ரப்பர் மரம் சீவப் போனது முதல் வழியில். ஆள் பிடிக்க வந்த கங்காணி அன்னிய மனுஷர் இல்லை, பக்கத்து ஊர்க்காரர், சுத்தி வளைச்சா சொந்தம். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை பார்த்தவரையே முதலாளி ஊருக்கு அனுப்பி, உன் சாதி சனத்துல ஆள் கூட்டிக்கிட்டு வான்னு சொல்லுவாராம். தலைக்கு இவ்வளவுன்னு காசு. அண்ணன் போனா தம்பி, தம்பி போனா மச்சான். என்ன வேலை தெரியும்னு யாரும் கேட்கலை. 1938-ல் அப்போதைய இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலி ஆட்களைச் செலவு கொடுத்துக் கூட்டிப் போறதைத் தடை பண்ணின பிறகுதான் அந்தக் கதவு மூடினது.

இப்ப சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போற பையன்கள் ரெண்டாவது வழி. 'டெஸ்ட் அடிக்கிறது'ன்னு இங்கே சொல்லுவோம். ஏதாவது ஒரு தொழிலில் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கினால்தான் வொர்க் பெர்மிட். சொந்தக்காரன் அங்கே முப்பது வருஷம் இருந்தாலும் டெஸ்ட்டில் மார்க் கூடாது. பாஸாயிட்டா வேலை உண்டு, ஆனா பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப் போக முடியாது. குடும்பத்தைக் கூடவே வச்சுக்கணும்னா அதுக்கு மேல்தட்டு பாஸும், மாசம் 6,000 வெள்ளி சம்பளமும் வேணும். எங்க தெருவிலேயே பதினைந்து வருஷமா அப்பாவை வருஷத்துக்கு ஒரு மாசம் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்காங்க.

இந்தக் கதை எல்லாம் இப்ப ஏன்னு கேட்டீங்கன்னா, எங்க வீட்டுக்குள்ளேயே இந்த ரெண்டு வழியும் ஒரே சமயத்தில் வந்து நிக்குது. அமெரிக்காவுக்கு நான் போகலாம்னு கடிதம் வந்திருக்கு. கனடாவுக்குப் போகணும்னு மகள் மார்க் கூட்டிக்கிட்டு இருக்கா. நகரத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கு ஃபாரம் நம்பர் வரைக்கும் மனப்பாடமா இருக்கும். எனக்கு இதெல்லாம் ரெண்டு மாசத்துல கத்துக்கிட்ட பாடம். வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற நேரத்துல வரப்புல உக்காந்து போனில் படிச்சது.

முதலில் அண்ணன் கதை. 1997-ல் எச்1பி விசாவில் மிச்சிகன் போனார். 2000-ஆம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடும்னு உலகமே பயந்த காலம், ஆள் தேவைப்பட்டது. 2001-ல் கிரீன் கார்டு, 2006-ல் குடியுரிமை. குடியுரிமை வாங்கின மாசமே ரெண்டு மனுப் போட்டார். ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு எனக்கு. அம்மாவுக்கு ஒரு வருஷத்தில் வந்துடுச்சு. எனக்கு 19 வருஷம் ஆச்சு.

ஒரே வயித்துல பிறந்த அண்ணன், ஒரே நாள் போட்ட ரெண்டு மனு. ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்கச் சட்டத்தில் உறவுக்குத் தராதரம் இருக்கு. குடிமகனுடைய கணவன் மனைவி, 21 வயசுக்குக் கீழே கல்யாணம் ஆகாத பிள்ளை, அப்பா அம்மா, இவங்களுக்கு வருஷத்துக்கு இத்தனைன்னு வரம்பே கிடையாது. அதுக்கு அடுத்த படிகளுக்கு எல்லாம் எண்ணிக்கை உண்டு. வயசு வந்த பிள்ளைகள் ஒரு வரிசை, கல்யாணம் ஆன பிள்ளைகள் ஒரு வரிசை. கூடப்பிறந்தவங்க கடைசி வரிசை, நாலாவது. அதுக்கு உலகம் முழுக்க வருஷத்துக்கு 65,000 விசாதான், அதுவும் பொண்டாட்டி பிள்ளைகளையும் சேர்த்து எண்ணி. அதுக்குள்ளேயும் எந்த ஒரு நாட்டுக்கும் நூத்துக்கு ஏழுக்கு மேல போகக்கூடாது. ஐஸ்லாந்துக்கும் அதே ஏழு, நமக்கும் அதே ஏழு. இந்த விஷயத்தில் மெக்சிகோக்காரங்க நம்மைவிடப் பாவம், அவங்க கால் நூற்றாண்டு தாண்டிக் காத்துக்கிட்டு இருக்காங்க.

உறவைத் தரம் பிரிக்கிறதைப் பத்தி எனக்கு ஒரு சங்கடம் உண்டு. எங்க அப்பா செத்தப்ப எனக்கு வயசு ஒன்பது. வளர்த்தது தாய்மாமன். அவர் சட்டத்தில் எந்த வரிசையிலும் இல்லை. அப்பாயி இல்லை, அத்தை இல்லை, பங்காளி இல்லை. அவங்க குடும்பம்னு சொல்றது ஒரு வீட்டுக்குள்ள ஒரே அடுப்புல சாப்பிடுற நாலு பேர். நம்ம ஊர்ல ஒரு சாவுக்குச் சொல்லி அனுப்புற ஆள் பட்டியலை அமெரிக்க அதிகாரி பார்த்தார்னா மயக்கம் போட்டுடுவார். ஆனா ஒண்ணு, கூடப்பிறந்தவனுக்கு ஒரு வரிசை இருக்கிறதே பெரிசு. கனடாவில் அண்ணன் தம்பியை இப்படி நேரடியாக் கூப்பிட்டுக்க முடியாது, ரொம்ப அபூர்வமான சில நிலைமைகளைத் தவிர.

இந்தக் குடும்ப வரிசை அமெரிக்காவுக்கு எப்படி வந்ததுங்கிற வரலாறு சுவாரசியமானது. 1924-ல் அவங்க போட்ட சட்டம் ஆசியக்காரனை அநேகமா முழுசாத் தடுத்துடுச்சு. 1946-ல் மனசு இரங்கி இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்னாங்க. இத்தனை பெரிய தேசத்துக்கு நூறு பேர், ஒரு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கிட்டே போயிடலாம். 1965-ல்தான் நாட்டு வாரிப் பாகுபாட்டை எடுத்தாங்க. ஜான்சன் ஜனாதிபதி, சுதந்திரதேவி சிலை நிக்கிற தீவில் வச்சு அக்டோபர் 3-ஆம் தேதி கையெழுத்துப் போட்டார். முதலில் அரசாங்கம் கொண்டு வந்த வரைவில் திறமை உள்ளவங்களுக்குத்தான் முன்னிடம். ஓஹையோ மாகாணத்து காங்கிரஸ் உறுப்பினர் மைக்கேல் ஃபீகன், குடியேற்றத் துணைக் குழுவுக்குத் தலைவரா இருந்தவர், அதைப் புரட்டிப் போட்டார். குடும்பம் முன்னாடி, தொழில் பின்னாடி. ஏன்? பாசத்தால் மட்டுமில்லை. அன்னைக்கு அங்கே இருந்தவங்களில் பெரும்பாலானவங்க ஐரோப்பிய வம்சம். சொந்தக்காரங்களுக்கு முன்னுரிமை கொடுத்தா வர்றவனும் ஐரோப்பியனாத்தான் இருப்பான், நாடு இருக்கிற மாதிரியே இருக்கும்னு ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே தப்பினதுன்னா, ஐரோப்பாவில் அப்ப நல்ல வருமானம், கிளம்பி வர ஆள் இல்லை. தொழில் விசாவில் ஒரு டாக்டரும் ஒரு இன்ஜினியருமா வந்த ஆசியக்காரங்கதான் மனைவி, தம்பி, தங்கைன்னு அந்த வரிசையை நிரப்பினாங்க. குஜராத் படேல்கள் அமெரிக்காவில் மோட்டல் தொழிலைக் கையில் எடுத்தது இப்படித்தான். ஒருத்தர் ஒரு மோட்டல் வாங்குவார், தம்பி வந்து ராத்திரி ஷிப்ட் பார்ப்பார், தம்பி பொண்டாட்டி ரூம் சுத்தம் பண்ணும், நாலு வருஷத்தில் தம்பிக்கு ஒரு மோட்டல். பரீட்சை வச்சு மார்க் போட்டிருந்தா அந்தத் தம்பி உள்ளேயே வந்திருக்க முடியாது. இந்த ஒரு உதாரணம் போதும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா குடும்ப வழியில் வர்றவன் நாட்டுக்குப் பாரம்னு பேசுறவங்க இதுக்குப் பதில் சொல்லணும்.

இப்போ மகள் பக்கம் வருவோம்.

மகளுக்கு 26 வயசு. கோயமுத்தூரில் படிச்சு, சென்னையில் ஒரு கம்பெனியில் அஞ்சு வருஷமா வேலை. கனடாவில் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி'ன்னு 2015-லிருந்து ஒரு முறை. மொத்தம் 1,200 மார்க். பரீட்சை மாதிரி பாஸ் மார்க் கிடையாது, மாட்டுச் சந்தை மாதிரி. அத்தனை பேரையும் வரிசையா நிறுத்தி, மேலே இருந்து இத்தனை பேர்னு எடுத்துக்குவாங்க. மார்க் போடுற யோசனையே உலகத்துக்குக் கனடா சொல்லிக் கொடுத்ததுதான், 1967-ல். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி வரைக்கும் தோல் நிறத்தைப் பார்த்துத்தான் உள்ளே விட்டாங்க. அதை விட்டுட்டு, எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன, படிப்பு இருக்கா, மொழி வருமா, வயசு என்னன்னு கேட்க ஆரம்பிச்சது பெரிய மாற்றம்தான், மறுக்கவே முடியாது. ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம்னு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வரம்பு கிடையாது. இந்தியாவில் பிறந்தது அங்கே குத்தம் இல்லை.

அமெரிக்காவில் தொழில் வழியிலும் அந்த ஏழு உண்டு. வருஷத்துக்கு 1,40,000 தொழில் கிரீன் கார்டு, அதிலே பாதிக்குமேல போறது வேலைக்கு வந்தவங்களோட மனைவி மக்களுக்கு. எங்க அண்ணனுக்கு நாலு வருஷத்தில் கிடைச்சது, இன்னைக்கு அதே படிப்பில் போற பையனுக்கு எப்பன்னு சொல்லவே முடியாது. 2013-ல் மனு ஏறினவங்களுக்கே இப்பதான் முறை வந்துக்கிட்டு இருக்கு. அதனால திறமை வழின்னா வேகமான வழி, குடும்ப வழின்னா மெதுவான வழின்னு நினைச்சுடாதீங்க. எங்கே பிறந்தேங்கிறது ரெண்டுக்குள்ளேயும் புகுந்து உக்காந்திருக்கு.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உக்காந்து எனக்கு மார்க் கூட்டிக் காட்டினா. கல்யாணம் ஆகாத 26 வயசுக்கு 110. நாலு வருஷப் படிப்புக்கு 120. ஆங்கிலம் நல்லா எழுதினா 124. வெளிநாட்டு வேலை அனுபவமும் நல்ல ஆங்கிலமும் சேர்ந்தா 50, படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்தா 25. ஆக மொத்தம் 429.

"நல்ல மார்க்குதானேம்மா?"

"இல்லப்பா. பொது வரிசையில ஐந்நூறுக்கு மேல போவுது."

கூடப்பிறந்தவங்க கனடாவில் இருந்தா 15 மார்க் கூட உண்டாம். பெரியப்பா இருக்காரேன்னேன். அவர் அமெரிக்காவுல இருக்கார், அதுவும் பெரியப்பாவுக்கு அந்தப் பதினஞ்சு கிடையாதுன்னு சிரிச்சா. பாருங்க, மார்க் போடுற ஊர்லயும் சொந்தத்துக்கு ஒரு ஓரத்தில் இடம் வச்சிருக்காங்க. சுத்தமான திறமை வழின்னு உலகத்துல எங்கேயும் இல்லை போல.

29 வயசு வரைக்கும் வயசுக்கு முழு மார்க். அப்புறம் வருஷா வருஷம் குறையுது. 45-ல் பூஜ்யம். கருவேப்பிலைக் கட்டு மாதிரி, காலையில் ஒரு விலை, சாயந்திரம் ஒரு விலை. அவ மார்க்கைக் கூட்டுறதுக்கு ஒரே வழி பிரெஞ்சு. அது தெரிஞ்சவங்களுக்குத் தனி வரிசை, அதிலே கேட்கிற மார்க்கும் குறைச்சல். அதனால வீட்டுக்கு வந்தா திண்ணையில பிரெஞ்சுப் பாடம் ஓடுது. சொல்லிக் கொடுக்கிறவர் காரைக்காலில் இருக்கிற ஒரு பெரியவர், போனில் எடுக்கிறார். அவர் பிரெஞ்சுக் குடிமகன். 1962-ல் புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்ப, பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்க விரும்புறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கலாம்னாங்க. அவர் அப்பா எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் பிள்ளை, பேரன் வரைக்கும் பாரிஸ் போயிட்டு வர்றாங்க. படிப்பும் கேட்கலை, மார்க்கும் கேட்கலை. இது மூணாவது வழியோ என்னவோ.

விளையாட்டா, என் விவரத்தைப் போட்டுப் பாரும்மான்னேன். போட்டா. வயசு 52, மார்க் பூஜ்யம். பிளஸ் டூ படிப்புக்கு 28. ஆங்கிலம் பூஜ்யம். முப்பது வருஷ விவசாயம், பதினெட்டு மா நிலம், குறுவை சம்பா ரெண்டும் எடுத்தது, அதுக்கும் பூஜ்யம். ஆங்கில மார்க் இல்லாம அனுபவ மார்க் எழும்பாதாம். 1,200-க்கு 28. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரிச்சோம், வீட்டுக்காரம்மா உள்ளே இருந்து என்னன்னு வந்து பார்த்தாங்க.

சிரிச்சாலும் அது உள்ளே உறுத்தத்தான் செஞ்சது. ஏன்னா விவசாய வேலை அந்த நாடுகளுக்கு வேண்டாத வேலை இல்லை. கனடாவில் 1966-லிருந்து ஒரு திட்டம் ஓடுது. ஜமைக்காவில் ஆரம்பிச்சு, அப்புறம் மெக்சிகோவும் சேர்ந்தது. பண்ணை வேலைக்கு ஆள் வருவாங்க, அதிகபட்சம் எட்டு மாசம், திரும்பப் போயிடணும். குடும்பத்தைக் கூட்டி வரக் கூடாது. ஒரே பண்ணைக்கு இருபது வருஷம் தொடர்ந்து போய் வந்தாலும் மறுபடி எட்டு மாசம்தான். அமெரிக்காவில் அதே மாதிரி எச்2ஏ விசா, அதுக்கு வருஷ வரம்பே கிடையாது, எத்தனை ஆயிரம் பேர் வேணும்னாலும் வரவழைச்சுக்கலாம். ஆப்பிள் பறிக்கிற கை வேணும், அந்தக் கைக்காரன் பிள்ளைகுட்டியோட வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்க வேண்டாம். எதைத் திறமைன்னு சொல்லணும்ங்கிறதை யார் முடிவு பண்றாங்கன்னு பார்த்தா, அது வயல்ல நிக்கிறவங்க இல்லைன்னு மட்டும் தெரியுது.

பிறத்தியாரைச் சொல்லுவானேன், நானே ரெண்டு முறையும் வச்சிருக்கேன். இந்த சம்பாவுக்கு எங்க வயல்ல நடவு நட்டது மேற்கு வங்கத்து ஆட்கள். டெல்டாவில் இப்ப இது சாதாரணம். பதினாலு பேர். மேஸ்திரி ஒருத்தர், அவர் தம்பி, மச்சான், மச்சானோட பங்காளி, எல்லாம் ஒரே ஊர். அவங்களில் யார் நல்லா நடுவாங்கன்னு நான் கேட்கலை. மேஸ்திரியைத்தான் எனக்குத் தெரியும். புதுசா வந்த பையன் ஒருத்தன் முதல் நாள் நாத்தை ஆழமா ஊணிட்டான். மேஸ்திரி ஒரு அதட்டு அதட்டி, அவன் நட்ட பத்தியைத் தானே திரும்ப நட்டார். சொந்தத்தில் கூட்டி வந்ததுக்கு அதுதான் உத்தரவாதம். ஆனா அறுப்பு மெஷினுக்கு டிரைவர் பிடிக்கும்போது நான் சொந்தம் பார்க்கிறதில்லை. எத்தனை சீசன் ஓட்டியிருக்க, சேத்துல இறக்கத் தெரியுமான்னுதான் கேட்பேன். இருபத்தஞ்சு லட்ச ரூபாய் மெஷினை மச்சான்ங்கிறதுக்காகக் கொடுக்க முடியுமா?

அமெரிக்க முறையிலும் இந்த மேஸ்திரிப் பொறுப்பு உண்டு. அண்ணன் எனக்காக ஒரு ஜாமீன் பத்திரம் எழுதணும். அவங்க வறுமைக்கோட்டுக்கு மேல கால் பங்கு கூட வருமானம் காட்டணும். நான் குடியுரிமை வாங்குற வரைக்கும், இல்லேன்னா ஏறக்குறைய பத்து வருஷ அளவு வேலை பார்த்து வரி கட்டுற வரைக்கும் அவர் பொறுப்பு. சும்மா பேச்சுக்கு இல்லை, சட்டப்படி. மார்க் முறையில் நீ என்ன தேறுவேன்னு உன்னைக் கேட்கிறாங்க. இதில் உனக்காக யார் நிப்பாங்கன்னு கேட்கிறாங்க. எனக்கு ரெண்டாவது கேள்வி புரியுது. கூட்டுறவு பாங்கியில் எத்தனையோ தடவை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கேன்.

ஆனா குடும்ப முறையில் ஒரு வலி இருக்கு, அது எங்க வீட்டுக்குள்ளேயே வந்துடுச்சு. மனுப் போட்டப்ப மகளுக்கு ஏழு வயசு, மகனுக்கு மூணு. இப்ப 26, 22. 21 தாண்டினா பிள்ளைக் கணக்கில் வராது. 2002-ல் ஒரு சட்டம் போட்டு சின்னச் சலுகை கொடுத்திருக்காங்க. மனுவை வாங்கி ஒப்புதல் கொடுக்க அவங்க ஆபீஸில் எத்தனை காலம் எடுத்துக்கிட்டாங்களோ, அதை மட்டும் பிள்ளையோட வயசில் கழிச்சுக்கலாம். மிச்சம் வரிசையில் நின்ன காலத்தைக் கழிக்கக் கூடாது. எங்க மனு ஒப்புதல் ஆக நாலு வருஷம் ஆச்சு. மகன் 22-ல் நாலு போனா 18, அவன் வரலாம். மகள் 26-ல் நாலு போனா 22, அவ வர முடியாது. ஆபீஸில் இன்னும் ரெண்டு வருஷம் தூங்கியிருந்தா மகளும் உள்ளே வந்திருப்பா. அரசாங்கம் சீக்கிரம் வேலையை முடிச்சதுக்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

நான் போய்ச் சேர்ந்து அவளுக்கு மனுப் போடலாம். அதுக்கு எட்டு ஒன்பது வருஷ வரிசை. அதுவரைக்கும் அவ கல்யாணம் பண்ணிக்காம இருக்கணும், ஏன்னா கிரீன் கார்டு வச்சிருக்கிறவர் கல்யாணம் ஆன பிள்ளைக்கு மனுப் போட முடியாது. குடும்பத்தைச் சேர்த்து வைக்கிற சட்டம் ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு இப்படிக் குறுக்கே படுத்துக்கிடக்கு.

இதிலே விசித்திரம் என்னன்னா, போகணும்னு துடிக்கிறவ அவ. மகனுக்கு அப்படி ஒண்ணும் இல்லை. டிப்ளமோ முடிச்சுட்டு டிராக்டரும் பவர் டில்லருமா என்கூடத்தான் இருக்கான். மோட்டார் காயில் போனா ராத்திரியோட ராத்திரியா அவனே பிரிச்சு மாட்டிடுவான். அவனைக் கூப்பிடுது அமெரிக்கா. அவளைக் கனடா 71 மார்க் பத்தாதுன்னு வெளியில நிறுத்தியிருக்கு.

சரி, மார்க் முறையில் மகள் போய்ச் சேர்ந்துட்டான்னே வச்சுக்குவோம். அப்புறம் அப்பா அம்மா? கனடாவில் பெற்றோரைக் கூப்பிட்டுக்கக் குலுக்கல். 2019-ல் முதலில் விண்ணப்பிக்கிறவங்களுக்குன்னு இணையத்தில் திறந்தாங்க, கால் மணி நேரம்கூட ஆகலை, இடம் முடிஞ்சது. அதுக்குப் பிறகு 2020-ல் பேர் கொடுத்தவங்க பட்டியலில் இருந்தே வருஷக்கணக்கா எடுத்துக்கிட்டு வந்தாங்க, புதுசா யாரும் பேர்கூடக் கொடுக்க முடியலை. அதுக்குப் பதிலா சூப்பர் விசான்னு ஒண்ணு, ஒரு தடவை போனா அஞ்சு வருஷம் வரைக்கும் தங்கலாம், ஆனா மருத்துவக் காப்பீடு நம்ம பொறுப்பு, அங்கே குடியிருக்கிறவன்னு பேர் கிடையாது.

ஆஸ்திரேலியா இதைவிட. எங்க சித்தப்பா மகன் மெல்போர்னில் இருக்கான், பாயின்ட் வாங்கித்தான் போனான். சித்தப்பா சித்தியைக் கூட்டிக்கலாம்னு பார்த்தா அங்கே ஒரு கணக்கு. பெத்த பிள்ளைகளில் பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவில் இருக்கணும், இல்லேன்னா வேற எந்த ஒரு நாட்டிலும் இருக்கிறதைவிட அங்கே அதிகம் பேர் இருக்கணும். சித்தப்பாவுக்கு மூணு பிள்ளை. ஒண்ணு அங்கே, ரெண்டு இங்கே. ஆகாது. ரெண்டு பிள்ளையோட நிறுத்தியிருந்தா தேறியிருப்பேன்னு சித்தப்பா சொன்னதுக்கு, மூணாவதா பிறந்த தங்கச்சி ஒரு வாரம் அவர்கிட்ட பேசலை. இந்தக் கணக்குத் தேறினவங்களுக்கும் சாதாரண வரிசைன்னா முப்பது வருஷத்துக்குப் பக்கம். சீக்கிரம் வேணும்னா ஆளுக்கு 40,000 டாலருக்கு மேல கட்டணும். ஆனா பேறுகாலம் பார்க்க, பேரப்பிள்ளையைத் தூக்கி வச்சுக்க விசிட்டர் விசாவில் எத்தனை அம்மாக்கள் இங்கே இருந்து போறாங்க! ரெண்டு பேரும் வேலைக்குப் போய் வரி கட்ட முடியுதுன்னா சித்தி அங்கே ஆறு மாசம் சமைச்சதும் காரணம். அதுக்கு எந்த நாட்டிலும் பாயின்ட் போடலை.

அமெரிக்காவிலும் மார்க் முறைக்கு மாறணும்னு ரெண்டு தடவை பெரிய முயற்சி நடந்திருக்கு. 2013-ல் செனட்டில் 68-க்கு 32-ன்னு ஒரு மசோதா நிறைவேறினது, அதில் கூடப்பிறந்தவங்க வரிசையையே எடுத்துட்டுப் பாயின்ட் முறை கொண்டு வர இருந்தாங்க. கீழ்ச் சபையில் எடுத்துக்கவே இல்லை. 2017-ல் டிரம்ப் ஆதரவோட இன்னொண்ணு, அதுவும் நிறைவேறலை. ரெண்டில் ஒண்ணு நிறைவேறியிருந்தா எனக்கு இப்ப இந்தத் தலைவலி இருந்திருக்காது. அன்னைக்கு அண்ணன் போன் பண்ணி, "நம்ம வரிசையத் தூக்கப் போறாங்களாம்டா"ன்னு குரல் இறங்கிப் போய்ச் சொன்னார். எனக்கு அப்ப மனசுல பெரிசா ஒண்ணும் தோணலை. சம்பா கதிர் தலை சாஞ்சு நின்ன நேரம்.

என் தீர்ப்பு என்னன்னு கேட்டா, மார்க் முறையில் ஒரு நேர்மை இருக்கு. யார் பிள்ளைன்னு கேட்காம என்ன தெரியும்னு கேட்குது. எங்க தெருவிலேயே வெளிநாட்டில் மாமன் மச்சான் யாரும் இல்லாத வீட்டுப் பையன் அந்த வழியிலதான் கனடா போனான். குடும்ப முறை மட்டும் இருந்தா அவன் தலைமுறைக்கும் ஊரிலேயேதான். ஆனா அது 29 வயசு ஆளை மட்டும் பறிச்சு எடுத்துக்குது, செடியை விட்டுட்டுப் பூவை எடுக்கிற மாதிரி. மகள் படிப்புக்கு வாய்க்கால் ஓரத்துத் தென்னந்தோப்பை வித்தேன். அந்த 120 மார்க்கில் அந்தத் தோப்பு இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டு, குடும்ப வரிசையைச் சுருக்காம அதோட காத்திருப்பைச் சுருக்கினாங்கன்னா அதுதான் எனக்கு நியாயமாப் படுது. 19 வருஷம் கழிச்சு ஒரு தம்பியை அண்ணன்கிட்ட சேர்க்கிறதுக்குப் பேர் சேர்க்கிறதா?

அம்மா போனதைச் சொல்லாம விட்டுட்டேன். 2007-ல் போனாங்க. மிச்சிகனில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தாங்க. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தா ஒரு மனுஷத் தலை தெரியலைன்னு சொன்னாங்க. எட்டாவது மாசம் திரும்பி வந்துட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேல வெளியில இருந்தா கிரீன் கார்டு போயிடும்னு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னார். "போகட்டும்டா"ன்னாங்க. 2014-ல் இந்த வீட்டிலதான் கண்ணை மூடினாங்க. அண்ணன் வந்து சேர ரெண்டு நாள் ஆச்சு.

இப்ப அண்ணனுக்கு 61. அண்ணி போன வருஷம் தவறிட்டாங்க. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மாகாணத்தில். போனில் பேசும்போது முன்னே மாதிரி அரசியல் எல்லாம் பேசுறதில்லை, என்ன ரகம் போட்டிருக்க, மேட்டுவயல்ல தண்ணி ஏறுதான்னு கேட்கிறார். வந்து என்ன வேலை பார்ப்பேன்னு கேட்டேன். "ஒண்ணும் பார்க்க வேணாம், வந்து இருடா"ன்னார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி தம்பிக்கு ஒரு வாழ்க்கை அமைச்சுக் கொடுக்கணும்னு போட்ட மனு. இப்ப யாருக்கு யார் தேவைங்கிறது மாறிப் போச்சு. அந்த ஃபாரத்துல அதை எழுத இடம் இல்லை.

விசாக் கட்டணம் ஆளுக்கு 325 டாலர், அண்ணனோட ஜாமீன் பத்திரத்தைச் சரி பார்க்க 120. மூணு பேருக்கும் அவரே கட்டிட்டார். மகனோட வயசுச் சலுகை நிலைக்கணும்னா ஒரு வருஷத்துக்குள்ள ஃபாரம் போட்டாகணும். நேர்காணல் மும்பையில். வீட்டுக்காரம்மா, ஏதோ ஒரு மாசம் அவரைப் பார்த்துட்டு வர்ற மாதிரி, ஊறுகாய் என்ன போடலாம்னு யோசிக்கிறாங்க. மகள் டிசம்பரில் பிரெஞ்சுப் பரீட்சை எழுதுறா. அப்பா நீங்க போங்க, என்னைப் பத்தி யோசிக்காதீங்கன்னு சொல்றா, ஆனா அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறதில்லை.

மகனுக்கு இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கலை. தஞ்சாவூரில் அடுத்த புதன்கிழமை அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு. அன்னைக்கு நம்ம வாய்க்காலில் முறைத் தண்ணி, தேதியை மாத்திக்கலாமாப்பான்னு கேட்கிறான்.